சித்திரக்கதைக்கு எழுத்து வரைவதை ஒரு தொழிலாகக் கொள்ளலாமா?

கேள்வி: மாங்குளத்து வாசகி

உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாகப் படித்த பின், பெயர்ப்பலகை எழுதும் என் மாமாவுக்கு உதவியாக இருக்கிறேன். பதாகைகள் கணினியில் அச்சாகத் தொடங்கியதிலிருந்து தூரிகை வேலை குறைந்துவிட்டது. சித்திரக்கதை வரைவதே என் விருப்பம் என்றாலும், என் படங்களை விட எழுத்தே நன்றாக அமைகிறது என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். பிறநாடுகளில் உரையாடல் குமிழிகளுக்குள் எழுதுவதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பாராம். அந்த வேலையில் தொடங்கி ஓவியரானவர்கள் உண்டா? வன்னியில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா?

மறுமொழி 1: பழைய வாசகர்

நிச்சயமாக உண்டு, தங்கச்சி. இங்கிலாந்தின் டேவ் கிப்பன்ஸ் கட்டட அளவையாளராகப் பயின்றவர். பத்திரிகை நிறுவனமொன்றுக்கு எழுத்து வரைபவராகத்தான் சித்திரக்கதைத் துறைக்குள் நுழைந்தார். 1986, 87இல் வெளிவந்த 'வாட்ச்மென்' தொடருக்குப் படம், எழுத்து இரண்டையும் அவரே வரைந்தார். ஸ்டான் சகாய், செர்கியோ அரகோனெஸின் 'குரூ' கதைகளுக்கு எழுத்து வரைந்துகொண்டே, 1984இல் தன் முயல் சாமுராய் உசாகியை அறிமுகப்படுத்தினார். எழுதுவது, வரைவது, எழுத்தமைப்பது என எல்லாவற்றையும் தானே செய்தார். 1996இல் எழுத்துக்காகவே அவருக்கு ஐஸ்னர் விருது ஒன்று, அதாவது அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையின் பெரிய விருது, கிடைத்தது.

எழுத்திலேயே நின்று பெயர் பெற்ற டாட் க்ளைனையும் பாருங்கள். 'சாண்ட்மேன்' தொடரில் கனவின் அதிபதிக்குக் கறுப்புக் குமிழியில் வெள்ளை எழுத்தையும், அவனுடைய பித்துப்பிடித்த தங்கைக்கு நெளிந்து வண்ணம் மாறும் எழுத்தையும் கொடுத்து, பாத்திரத்தின் குரலையே கண்ணுக்குக் காட்டினார். ஓவியராக உயர்வதற்கு ஒரு படி என்று மட்டும் இந்த வேலையைக் கருதுவதை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 2: வவுனியா வடிவமைப்பாளர்

அவர்கள் வழியை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. ஆங்கிலச் சித்திரக்கதைகளில் பெரும்பாலும் பெரிய (கப்பிட்டல்) எழுத்துகளையே பயன்படுத்துவதால், வரிகளை நெருக்கமாக அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர, ஊகாரக் கீற்றுகளும் இடம் கேட்கின்றன, சொற்களும் நீளமானவை. ஆங்கிலத்துக்காக வரைந்த ஒடுங்கிய குமிழிக்குள் 'போய்க்கொண்டிருக்கிறார்களா' என்று எழுதிப் பாருங்கள், சிக்கல் விளங்கிவிடும். சொல்லை உடைக்க நேர்ந்தால், கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே முதலில் உரையாடலை எழுதிவிட்டு, அதைச் சுற்றிக் குமிழியை வரைந்து, எஞ்சிய இடத்தில் ஆட்களை நிறுத்துங்கள். தமிழில் எழுதுபவரும் வரைபவரும் ஒருவராகவே இருப்பது வசதி என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

மாங்குளத்து வாசகி

நன்றி அண்ணா. கணினியில் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தலாமா?

வவுனியா வடிவமைப்பாளர்

ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவே நல்லது. பாமினியில் செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளே தெரியும். இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் தமிழைச் சரியாகக் காட்டும். அடோபி மென்பொருள்களில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், தெற்காசிய மொழிகளுக்குரிய பத்தியமைப்பைத் தெரிவுசெய்யுங்கள். 'டமார்' போன்ற ஒலிச்சொற்களை மட்டும் கையாலேயே வரையுங்கள். பலகை எழுதிப் பழகிய கைக்கு அது எளிதாக வரும்.

மறுமொழி 3: கிளிநொச்சி ஆசிரியர்

வருமானத்தைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும். சித்திரக்கதைக்குத் தமிழ் எழுத்து வரைவதை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. ஆனால் கண்ணிவெடி விழிப்புணர்வு, டெங்குத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு போன்றவற்றுக்குப் படக்கதை வடிவத்தில் துண்டுப்பிரசுரங்கள் தேவைப்படுகின்றன; அவற்றில் பல, படம் நன்றாக இருந்தும், வாசிக்க முடியாத எழுத்தால் கெட்டுப்போகின்றன. நான்கு பக்கக் கதை ஒன்றை முழுமையாக முடித்து, அந்த வேலைகளைச் செய்விக்கும் நிறுவனங்களிடம் காட்டுங்கள். பட்டப்படிப்பு வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். அதற்காக மாமாவின் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டியதில்லை.