குன்னூர் வாலிபர் வேதபாடத்துக்கு ஒத்தாசை தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். குன்னூரில் புதன் சாயங்காலம் கூடும் எங்கள் வாலிபர் குழுவில் இப்போது ஆவிக்குரிய பகுத்தறிதலை, அதாவது தேவனுக்கேற்றது எது, அல்லாதது எது என்று இனம் கண்டுகொள்வதைப் படிக்கிறோம்.

அது பயிற்சியினால் வருகிறது என்கிறது எபிரெயர் 5:14. தேவசித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனே உபதேசத்தை அறிந்துகொள்வான் என்கிறார் ஆண்டவர் (யோவான் 7:17). ஆகவே வாரத்துக்கு ஒரே பகுதி, 10 முதல் 15 வசனம். மூன்று தரம் வாசித்து, அந்த வாரமே கீழ்ப்படியவேண்டிய ஒன்றை நோட்டில் எழுதவேண்டும். “அன்பாயிருப்பேன்” என்றால் போதாது. “வாங்கிய 500 ரூபாயைச் சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுப்பேன்” என்று இருக்கவேண்டும்.

சிக்கல், வாட்ஸ்அப்பில் வரும் தனி வசனங்கள்தான். உங்களைக்குறித்த என் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11-ஐக் காட்டி, வெளியூர் வேலைக்கு தேவனிடமிருந்து உத்தரவு கிடைத்தது என்கிறார்கள். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன யூதருக்குச் சொன்னது; முந்தின வசனமே அங்கே 70 வருஷம் என்கிறது. 7-ம் வசனம் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது! சொன்னது பலித்தால் தேவவாக்கு என்று நம்புவது இன்னும் ஆபத்து. அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களிடம் இழுப்பவனுக்குச் செவிகொடாதே என்கிறது உபாகமம் 13:1-3.

ஒத்தவாக்கிய வேதாகமம் (ஒவ்வொரு வசனத்தோடும் தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் வேதாகமம்) நான்கு பிரதிகள் வேண்டும், பழையதானாலும் சரி. பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டைப் பார்க்க, வெலிங்டன், அருவங்காடு பக்கமுள்ள முதிர்ந்த அக்கா ஒருவர் மாதம் ஒருமுறை வந்தால் பேருதவி. அறிவுரையைவிடக் கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருக்கட்டும். மழையில் பஸ் தாமதமாகும். திரும்பப் போக ஆட்டோ ஏற்பாடு எங்கள் பொறுப்பு. முடிந்தவர்கள் இங்கேயே பதில் எழுதுங்கள்.