ஒரு விசிறி விடுபட்டதால எரிஞ்ச சீல்

போன வருசம் ஆடி மாசம், விசுவமடுவில என்ர பெரியம்மான்ர மகள் அக்கா சீட்டுக் காசில ரெண்டு இஞ்சி வோட்டர் பம் ஒண்டு வேண்டினவ. மிளகாய் பூக்கிற நேரம், நல்ல வெயில். அதுவரைக்கும் வாடகைக்கு எடுத்து ஆரும் பொடியன் வந்துதான் இயக்கிக் குடுக்கிறது, இனி தானே செய்யலாம் எண்டு சந்தோசமா பெட்டிக்குள்ள கிடந்த தமிழ்த் தாளை எடுத்து வரி வரியா வாசிச்சிருக்கிறா. அதில "பம்பினுள் நீர் நிரப்ப இயந்திரத்தை இயக்கவும்" எண்டு கிடந்தது. அவவும் இயக்கிப்போட்டு தண்ணி இப்ப வரும் இப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறா, வந்தது எரிஞ்ச மணம்தான்.

"தம்பி, தாளில இருந்தமாதிரித்தானே செய்தனான்" எண்டு அழுதுகொண்டு கோல் எடுத்தா. நான் போய் இங்கிலீஷ் பக்கத்தைப் பாத்தா, முதல் தண்ணி நிரப்பு பிறகு இயக்கு எண்டு தெளிவா இருக்கு. தமிழில "நிரப்பி" எண்டு வரவேண்டியது "நிரப்ப" எண்டு வந்திட்டுது. ஒரு விசிறிதான், பகரத்தைப் "பி" ஆக்க மேல போடுற அந்த வளைவு. பள்ளிக்கூடத்தில செய்து, செய எண்டு வினையெச்சம் படிச்சமே, அதுதான் இது. நிரப்பி எண்டா நிரப்பி முடிச்சிட்டு, நிரப்ப எண்டா நிரப்புறதுக்காக. இந்த வகைப் பம் உள்ளுக்க தண்ணி இருந்தாத்தான் கிணத்துத் தண்ணியை இழுக்கும், சீல் எண்டது தண்ணி ஒழுகாம அடைக்கிற வளையம், அது உரசேக்க குளிராக்கிறதும் அதே தண்ணிதான், வெறுமனே ஓடினா சீல் போயிடும். கடையில பாவிச்ச ஆளின்ர பிழை எண்டு வரண்டியும் குடுக்கேல்ல. எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறேல்ல, ஏனெண்டா அவ ஒரு பிழையும் விடேல்ல, எழுதினதை எழுதினபடி நம்பினவ.

சண்டை முடிஞ்சு 2010ல மீளக் குடியேறேக்க ரோட்டோரம் சிவப்புப் பலகையில மண்டையோடும் மிதிவெடி எண்ட சொல்லும்தான் இருந்தது, சின்னப் பிள்ளைக்கும் விளங்கினது. வாசிக்கிற ஆள் தோட்டத்துக்க தனிய நிக்கும், கேக்க ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சு எழுதோணும். ஆக்கள் எப்பிடியும் விளங்கிக்கொள்ளுவினம் எண்டு விடுறதைத்தான் என்னால தாங்கேலாது.

சீல் மாத்தின கையோட பம் மூடிக்குப் பக்கத்தில நானே மாக்கரால எழுதி ஒட்டினன்: "முதலில் இந்த மூடியைத் திறக்கவும். வழியும் வரை தண்ணீர் ஊற்றவும். மூடியை இறுக்கவும். அதன் பிறகே இயக்கவும்." இப்ப அக்கா இயக்க முதல் அவவின்ர சின்ன மகள் அதைச் சத்தமா வாசிக்கிறாள், வாசிச்சு முடிச்சாப் பிறகுதான் அக்கா கயித்தை இழுக்கிறா.