புதுப்பிப்பு: அக்காவின் மார்பகக் கட்டி, ஊசிச் சோதனை முடிவு

அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி, பாலிகிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், மெல்லிய ஊசி போதாதா, ஏன் தடித்த ஊசி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது: ஃபைப்ரோஅடினோமா. புற்றுநோய் இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் உதிரிச் செல்கள்தான் வரும். தைராய்டு கட்டிகளுக்குப் பெரும்பாலும் அது போதும். மார்பகத்தில் செல்கள் புற்றாகத் தெரிந்தாலும், அவை பால்நாளத்துக்குள்ளேயே நிற்கின்றனவா, சுவரைத் தாண்டிவிட்டனவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் திசு துண்டாகவே வேண்டும். புற்று என்றால், எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்கும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளுக்கும் அதே துண்டுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி 14 கேஜ் ஊசியால் எடுத்தார்கள். (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமனாகும். யார் வைத்த கணக்கோ!) ஸ்பிரிங் ஊசி ஸ்டேப்ளர் மாதிரி ‘டக்’கென்று அடிக்கும். அந்தச் சத்தத்தை முன்கூட்டியே கேட்க வைத்தது நல்ல வேலை, இல்லாவிட்டால் அக்கா துள்ளியிருப்பாள். அப்புறம் கொஞ்சம் கன்றிப்போனது, அவ்வளவுதான்.

‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்று எங்கள் பெரியம்மா பயமுறுத்தினார். ஊசித் தடத்தில் சில செல்கள் சிந்தலாம் என்பது உண்மை. ஆனால் மார்பகத்தில் அதனால் நோய் திரும்புவது மிக அரிது.

வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்காவுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.