18 லட்சம் ரூபாய் எஃப்டி: நாலு கிளையில் பிரித்துப் போட்டால் காப்பீடு கிடைக்குமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 61, அம்மாவுக்கு 57. ஓய்வுப் பணத்தில் 18 லட்சத்தை நடுத்தரத் தனியார் வங்கி ஒன்றில் போட எண்ணம். வட்டி 7 சதவீதம் என்கிறார்கள். லட்சுமி விலாஸ் வங்கி முடங்கிய விவகாரத்துக்குப் பிறகு கொஞ்சம் பயம். வங்கி கவிழ்ந்தால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு 5 லட்சம்தானே? நாலு கிளையில் பிரித்தால் நாலுக்கும் கிடைக்குமா?

வரவுசெலவு:
கிடைக்காது. ஒரே வங்கியில் ஒரே உரிமையில் உள்ள எல்லாக் கிளைக் கணக்கையும் கூட்டித்தான் 5 லட்சம். 2020 பிப்ரவரி 4 வரை அது வெறும் 1 லட்சம். கிளையை விடுங்கள், பெயரைப் பிரியுங்கள். அப்பா தனியாக, அம்மா தனியாக, அப்பா-அம்மா, அம்மா-அப்பா என நாலு எஃப்டி, தலா நாலரை லட்சம். கூட்டுக் கணக்கில் பெயர் வரிசை மாறினாலே தனி உரிமை, தனி 5 லட்சம். நாமினியை மாற்றிப் போடுவதால் ஒன்றும் கூடாது.

வரம்பு அசலும் வட்டியும் சேர்ந்தது. காலாண்டுக் கூட்டு வட்டியில் நாலரை லட்சம் 18 மாதத்தில் 4,99,366 ஆகும். மயிரிழைதான். இரண்டு வருடம் விட்டால் 5,16,997. நீண்ட காலத்துக்கு என்றால் வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை வேறு வங்கிக் கணக்குக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டர் 3:
கணக்கு சரி. ஆனால் அப்பாவின் சேமிப்புக் கணக்கு அதே வங்கியில் இருந்தால் அந்த இருப்பும் அவருடைய 5 லட்சத்தில்தான் சேரும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இன்னொன்று: மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி முதல் பெயரைப் பார்த்துத்தான். அம்மா முதலில் வரும் இரண்டுக்கும் சாதாரண வட்டியே.

கூட்டு எஃப்டியில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று எழுதினால் மட்டும் போதாது. ஒருவர் மறைந்தபின் மற்றவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம் என்ற சம்மதத்தையும் போடும்போதே இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லாரிடமும் கையெழுத்து கேட்பார்கள்.

பழைய பாஸ்புக்:
லட்சுமி விலாஸில் டெபாசிட் போட்டவர்கள் யாரும் அசலை இழக்கவில்லை. 2020 நவம்பர் 17-ல் கட்டுப்பாடு வந்தது, எடுக்க முடிந்தது 25,000 ரூபாய். மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்றவற்றுக்கு மட்டும் அனுமதியோடு 5 லட்சம் வரை. நவம்பர் 27-ல் டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைந்ததும் கட்டுப்பாடு நீங்கியது. அடிபட்டவர்கள் பங்கு வைத்திருந்தவர்களும் 318.20 கோடி ரூபாய் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களும், இரண்டும் பூஜ்யமாயின. ஆகவே கிளையில் 'டெபாசிட் மாதிரிதான் சார்' என்று எதையாவது நீட்டினால், எஃப்டி ரசீது தருவீர்களா என்று கேளுங்கள்.

பணம் போவதைவிட முடங்குவதே பெரிய தொல்லை. வங்கியை இப்படிக் கட்டுப்படுத்தினால் காப்பீட்டுப் பணம் வர 90 நாள் வரை ஆகலாம் (2021 சட்டத் திருத்தம்). அதற்கும் விருப்பக் கடிதம் கொடுத்து வேறு வங்கிக் கணக்கு எண்ணைக் காட்ட வேண்டும். ஆறு மாதச் செலவை வேறு வங்கியில் வையுங்கள்.

வைகைக்கரை:
அப்பா பெயரில் அங்கே நகைக்கடன் 80,000 இருக்கிறது. இது பாதிக்குமா?

வரவுசெலவு:
பாதிக்கலாம். வங்கிக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் காப்பீடு.