இவ்வளவு நல்ல கருவி ஏன் விற்கவில்லை? கையடக்கக் கன்சோல் வைத்திருந்தவர்களின் அனுபவங்கள்

வட்டப்பொத்தான்:

சோனியின் கையடக்கக் கன்சோலான பிளேஸ்டேஷன் வீட்டாவை இன்றும் ஆசையாக எடுத்து விளையாடுகிறவன் நான். ஐந்து அங்குல ஓஎல்இடி திரை, இரண்டு அனலாக் குச்சிகள், முதுகுப் பக்கமும் தொடுபரப்பு. 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது, கையில் அடங்குகிற கேம் கருவிகளில் அதன் பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை. 'அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ்' என்ற கேம் ஓடுவதைக் காட்டினால் பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள். என்னிடம் வாங்கி விளையாடிப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒருவர்கூடச் சொந்தமாக வாங்கவில்லை. ஏன் என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

என் கணிப்பு இது. அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 250 டாலர். அது பரவாயில்லை. ஆனால் அதற்கென்றே செய்த மெமரி கார்டைத்தான் போட வேண்டும், அதில் 32 ஜிபி கார்டு மட்டும் 100 டாலர். போனிலும் கேமராவிலும் போடுகிற சாதாரண கார்டு இதில் சேராது. கார்டு இல்லாமல் ஆட்டத்தைச் சேமிக்கவே முடியாத கேம்களும் இருந்தன. அதற்கு முந்தைய சோனி கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் திருட்டு நகல் எப்படிப் பரவியது என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பூட்டின் காரணம் புரியும். ஆனால் அதன் சுமை முழுக்க நேர்மையாக வாங்கியவர்கள் தலையில் விழுந்தது.

அதே நேரத்தில் நிண்டெண்டோ என்ன செய்தது என்று பாருங்கள். அவர்களுடைய கையடக்கக் கருவியான 3டிஎஸ் 2011 மார்ச்சில் அதே 250 டாலருக்கு அமெரிக்காவில் வந்தது, விற்பனை மந்தம். ஆகஸ்டிலேயே 170 டாலராகக் குறைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் இரண்டு மாரியோ கேம்கள் வந்துவிட்டன. ஜப்பானில் பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்தியதே மான்ஸ்டர் ஹண்டர் என்ற கேம் தொடர்தான். அந்தத் தொடரின் அடுத்த கேம் 3டிஎஸ்ஸில் வந்தது 2011 டிசம்பர் 10. வீட்டா வந்தது டிசம்பர் 17. நான்கு பேர் சேர்ந்து வேட்டையாடுவதற்காகவே கருவி வாங்கிய ஒரு பெரிய கூட்டம், வீட்டா பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வேறு பக்கம் போய்விட்டது.

வேறு கருவிகளோடு பழகியவர்கள், விற்றவர்கள், அவற்றுக்குக் கேம் செய்தவர்கள் யாராவது இருந்தால் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

தொடுதிரை:

இதில் ஆராய என்ன இருக்கிறது? போன் வந்தது, கதை முடிந்தது. எல்லோர் பையிலும் ஏற்கெனவே ஒரு திரை இருக்கும்போது இன்னொன்றை யார் சுமப்பார்கள்? நானே அப்படித்தான் நிறுத்தினேன்.

வட்டப்பொத்தான்:

போன் சந்தையைப் பறித்தது உண்மை. ஆனால் அதே போன் காலத்தில்தான் 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. வீட்டாவின் விற்பனை எண்ணிக்கையைத் தனியாகச் சொல்வதையே சோனி ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டது. போன் மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒன்றாகவே விழுந்திருக்க வேண்டும்.

நள்ளிரவுக்கோடு:

சிறிய ஸ்டுடியோ ஒன்றில் புரோகிராமராக இருந்தேன். எங்கள் கேமை எந்தெந்தக் கருவிக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கருவி நன்றாக இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை பேர் கையில் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் நம் மாதிரி கேமை வாங்குவார்கள், மாற்றி எழுத எத்தனை மாதம் ஆகும்? இவ்வளவுதான் பேச்சு. மூன்றுக்கும் பதில் சுமாராக இருந்தால் பட்டியலில் அடுத்த கருவிக்குப் போய்விடுவோம். எனக்கு மனசு கேட்காது. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆளுக்கு அந்தக் கணக்குதான் கணக்கு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கருவியின் திறன் கூடினால் கேம் செய்யும் செலவும் கூடும். வீட்டாவின் திரையில் பெரிய கன்சோல் தரத்தில் ஒரு கேம் வேண்டும் என்றால் மாடலிங், அனிமேஷன், ஒலி என எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பெரிய கன்சோலுக்கு ஆகிற அளவு ஆட்கள் வேண்டும். ஆனால் சோனியின் வீட்டுக் கன்சோலான பிஎஸ்3இன் கேம் 60 டாலருக்கு விற்றபோது வீட்டா கேம் பெரும்பாலும் 40 டாலர். செலவு அதிகம், விலை குறைவு, வாங்குகிறவர்களும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரிய நிறுவனங்கள் நழுவிவிடும். அவர்கள் நழுவினால் புதிதாக யாரும் கருவியை வாங்க மாட்டார்கள். வாங்க ஆள் இல்லை என்றால் மிச்சம் இருக்கிறவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

இந்தச் சுழலை உடைக்கக்கூடியவர் ஒருவர்தான், கருவியைச் செய்த நிறுவனமே. நட்டம் வந்தாலும் பரவாயில்லை என்று தன் சொந்தக் கேம்களை இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் இறக்க வேண்டும். வீட்டாவுக்கு அது நடக்கவில்லை. 2013இல் அடுத்த வீட்டுக் கன்சோலான பிஎஸ்4 வந்ததும் கவனம் அங்கே போய்விட்டது. பிஎஸ்4 கேமை வைஃபை வழியாகப் பார்த்து விளையாடுகிற துணைத் திரையாக வீட்டாவை முன்னிறுத்தினார்கள். அதன் பிறகு அதைத் தாங்கியவர்கள் சின்ன ஸ்டுடியோக்களும் ஆர்பிஜி என்கிற, பாத்திரமேற்று விளையாடும் கேம்களைச் செய்கிற ஜப்பானிய ஆட்களும்தான். 'ஸ்பெலங்கி', 'ஹாட்லைன் மயாமி' மாதிரி சின்ன ஸ்டுடியோ கேம்கள் எல்லாம் அதில் அவ்வளவு அழகாகப் பொருந்தின. அந்தச் சின்ன ஸ்டுடியோக்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆறுபேட்டரி:

நான் இன்னும் பழைய ஆள். 1989இல் அடாரி லிங்க்ஸ் வந்தது. வண்ணத் திரை, உள்ளிருந்தே ஒளி, இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் திருப்பிப் பிடித்தும் விளையாடலாம். அதே ஆண்டு வந்த நிண்டெண்டோ கேம் பாயின் திரை பச்சை கலந்த மங்கல், விளக்கும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பையன்கள் எல்லோரும் லிங்க்ஸைத்தான் கைகாட்டுவோம்.

ஆனால் கேம் பாய் 90 டாலர், லிங்க்ஸ் அதைப் போல இரண்டு மடங்கு. லிங்க்ஸ் ஆறு ஏஏ பேட்டரியைப் போட்டால் நாலைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரிக்குக் காசு கொடுக்கிறவர்கள் அப்பா அம்மா என்பதால் கடைசியில் எதை வாங்குவது என்று தீர்மானித்தவர்களும் அவர்கள்தான். அப்புறம் அமெரிக்காவில் கேம் பாய் பெட்டிக்குள்ளேயே, விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கேம் இருந்தது. மங்கலான திரையிலும் டெட்ரிஸ் டெட்ரிஸ்தான். கேம் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய், பழகித் தேய்ந்து மலிவாகிப்போன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். அடுத்த ஆண்டு சேகா கொண்டுவந்த கேம் கியரும் வண்ணத் திரை, ஆறு பேட்டரி என்று லிங்க்ஸ் போன வழியிலேயே போனது. கேம் பாய் வரிசை, அதன் வண்ண மாடலையும் சேர்த்து, 11 கோடியைத் தாண்டியது.

பக்கவாட்டுப்பேச்சு:

2003இல் நோக்கியா என்-கேஜ். போனும் கேமும் ஒன்றாக இருக்கும் காலத்தை முன்கூட்டியே பார்த்த யோசனை, அதற்காக எனக்கு அதன் மேல் தனி மரியாதை. ஆனால் கேம் மாற்ற வேண்டும் என்றால் மூடியைக் கழற்றி பேட்டரியையும் எடுக்க வேண்டும், பேச வேண்டும் என்றால் கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த கியூடி மாடலில் இரண்டையும் சரிசெய்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

கல்லாப்பக்கம்:

கேம் விற்பனையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கன்சோலை விற்றால் விற்கிறவருக்குக் கிடைப்பது சொற்பம். கேம்கள், உறைகள், பழைய கேமை வாங்கி மறுபடி விற்பது ஆகியவற்றில்தான் வருமானம். 2009இல் பிஎஸ்பி கோ வந்தபோது அதில் டிஸ்க் போடும் இடமே இல்லை, எல்லாம் தரவிறக்கம். விலையும் 250 டாலர், டிஸ்க் போடுகிற பிஎஸ்பி 170 டாலருக்கே கிடைத்தது. ஏற்கெனவே பிஎஸ்பியின் யுஎம்டி டிஸ்க்குகள் வைத்திருந்தவர்களுக்கு அவற்றை இதில் கொண்டுவர வழியும் இல்லை. 'என் பழைய கேம் எல்லாம் இதில் ஓடுமா?' என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒரு முறை விற்றால் அதன் பிறகு ஒரு காசும் வராத பெட்டியை நாங்களும் முன்வரிசையில் வைக்கவில்லை.

வட்டப்பொத்தான்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக நள்ளிரவுக்கோடுக்கு. அந்தச் சுழலை உடைத்த ஒரு நிறுவனத்தை நாம் கண்முன்னே பார்த்தோம். 2013இல் நிண்டெண்டோ, வீட்டுக் கன்சோல் பிரிவையும் கையடக்கப் பிரிவையும் ஒன்றாக்கியது. வீட்டுக் கன்சோலான வீ யூவுக்கு ஒரு கேம், 3டிஎஸ்ஸுக்கு ஒரு கேம் என்று ஆட்கள் இரண்டாகப் பிரிந்து திணறிய காலம் அது. 2017இல் டிவியிலும் கையிலும் விளையாடக்கூடிய ஸ்விட்ச் வந்தபோது மொத்த உழைப்பும் ஒரே கருவிக்குக் கிடைத்தது. 2022இல் வந்த, பிசி கேம்களையே ஓட்டுகிற ஸ்டீம் டெக் வேறு வழியில் தப்பித்தது. அதற்கென்று யாரும் புதிதாகக் கேம் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை, வாங்குகிறவரிடம் கேம்கள் ஏற்கெனவே இருந்தன.

வீட்டாவின் தயாரிப்பு 2019இல் ஜப்பானிலும் நின்றது. அதை வாங்கவே காரணமாக இருந்த 'பெர்சோனா 4 கோல்டன்' 2020இல் பிசிக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். வீட்டா வைத்திருந்த கொஞ்சம் பேருக்கு மட்டுமே தெரிந்த கேம், கடைசியில் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது.

யோகோய் நிண்டெண்டோவை விட்டு வந்தபின் பங்களித்த வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவியைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே? ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடியது அது. 1999இல் ஜப்பானில் மட்டும் வந்ததால் கிடைப்பது அரிது. வைத்திருப்பவர்கள், விளையாடிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.