கடைசி ஆர்டருக்குப் பிறகு: டெல்டா பார்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

கடைமடை

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, காரைக்கால் பக்கம் மனமகிழ் மன்றத்திலோ ஓட்டல் பாரிலோ கல்லாவில் நிற்பவர்கள், சப்ளை பார்ப்பவர்கள் எழுதலாம். லைசென்ஸ் எப்படி வாங்குவது என்ற பேச்சு இங்கே வேண்டாம், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்தவர் பத்திரமாக வீடு போய்ச் சேர என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். சொந்தக் கதையும் வேண்டாம், வேலைக்கு ஆகிற விஷயமாக இருக்கட்டும்.

முதல் கணக்கை நானே போட்டுவிடுகிறேன். பிராந்தி, விஸ்கி, ரம் எந்தப் பாட்டிலைத் திருப்பினாலும் லேபிளில் 42.8% என்று இருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்க ஆறு மணி நேரத்திலிருந்து எட்டரை மணி நேரம் வரை ஆகும். ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்றரை குவார்ட்டர் போட்டவர் விடியற்காலை நாலு மணிக்குப் பால் வண்டியை எடுத்தாலும் போதையோடுதான் எடுக்கிறார். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பது நம்பிக்கை, கணக்கு இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். எழுபது கிலோ ஆள் 60 மில்லி லார்ஜ் ஒன்றை வெறும் வயிற்றில் போட்டால் 40-ஐத் தொடுவார். ஒரே லார்ஜ்! முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "பீர்தானே அண்ணே" என்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8% என்றால் 41 கிராம், அதாவது இரண்டு லார்ஜ். இந்த எண்களைப் பெரிதாக எழுதி சப்ளையர்கள் நிற்கும் இடத்தில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் படிக்க மாட்டார். சப்ளையருக்குத் தெரிந்தால் போதும்.

அளவுக்குப்பி

கண் அளவில் ஊற்றுவதை முதலில் நிறுத்தணும். கை தாராளமான சப்ளையர் 30-க்கு 40 ஊற்றுவார், வாடிக்கையாளர் அவரைத்தான் தேடுவார், டிப்ஸும் அவருக்குத்தான். முத்திரை குத்திய அளவுக் குப்பி இல்லாமல் பெக் போகக் கூடாது. குவார்ட்டராகவே டேபிளுக்குப் போனால் எண்ணுவது இன்னும் கஷ்டம். ஒவ்வொன்றையும் ஆர்டர் சீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். கணக்கு டேபிளுக்கு இல்லை, ஆளுக்கு. நாலு பேர் டேபிளில் ஒருத்தர் மட்டும் மூன்று கட்டிங் (கட்டிங் என்றால் அரை குவார்ட்டர்) இறக்கியிருப்பார், மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு லார்ஜைத் தாண்டியவர் டேபிளுக்கு சப்ளையர் தானாகப் போய் "அடுத்தது?" என்று கேட்கக் கூடாது.

விற்ற சரக்குக்குக் கமிஷன் கொடுக்கிற முதலாளிகள் தங்கள் தலையில் தாங்களே மண் அள்ளிப் போடுகிறார்கள். கமிஷனைச் சாப்பாட்டு பில்லுக்கு மாற்றினால் சப்ளையர் வாயிலிருந்து "இன்னொரு கட்டிங்?" போய் "ஆம்லெட் போடச் சொல்லவா?" வரும். ஊறுகாயும் மிக்சரும் உப்பு. தாகம் எடுத்து இன்னும் குடிக்க வைக்கும், வயிற்றில் எதையும் தாங்காது. முட்டை, சுண்டல், கறி, சோறு மாதிரி கனமானது முதல் ரவுண்டோடு போகணும். தண்ணீர் ஒரு லிட்டர், கேட்காமலே.

ஐஸ் பற்றியும் சொல்லணும். நாகை, காரைக்கால் பக்கம் மீனுக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் பாளம் மலிவாகக் கிடைக்கும். அது கிளாஸுக்கு ஆகாது. அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது, எந்தப் பெட்டியில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலை வெளியே குளிர வைக்க வேண்டுமானால் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் டம்ளர் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கண்ணாடி என்றால் டஃபண்டு கிளாஸ் வாங்குங்கள், உடைந்தால் கத்தி மாதிரி நிற்காமல் துகளாக உதிரும். சண்டையில் இந்த வித்தியாசம் தையல் எண்ணிக்கையில் தெரியும்.

வாசப்படி

எல்லாரும் கேட்பது, "போதும்" என்று எப்படிச் சொல்வது என்றுதான். பல பேர் "சரக்கு தீந்துடுச்சுண்ணே" என்று சமாளிப்பார்கள். தப்பு. ரெண்டு நிமிஷத்தில் பக்கத்து டேபிளுக்கு அதே பிராண்ட் போகும், அப்புறம் அவமானப்பட்ட ஆளை யாராலும் பிடிக்க முடியாது. பொய் வேண்டாம். எல்லார் முன்னாலும் சொல்லவும் வேண்டாம்.

முதலில் அவரிடம் பேசாதீர்கள். கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவரை பில் பார்க்கிற சாக்கில் கல்லாவுக்குக் கூப்பிடுங்கள். "அண்ணே, மாமாவுக்கு இதோட நிறுத்திக்குவோம், நீங்களே எடுத்துச் சொல்லுங்க. சாப்பாடு அனுப்பிவிடுறேன்." பத்தில் எட்டு தடவை அங்கேயே முடிந்துவிடும். தனியாக வந்தவர் என்றால் பக்கவாட்டில் நின்று, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில்: "ஐயா, இன்னைக்கு இது போதும். நாளைக்கு வாங்க, இதே டேபிள் போட்டுத் தர்றேன்." நேர் எதிரே நின்று கை நீட்டிப் பேசினால் அது சண்டைக்கு அழைப்பு. வயசில் மூத்தவரிடம் இருபது வயசுப் பையனை அனுப்பாதீர்கள். "நீ யார்றா எனக்குச் சொல்ல" என்பதில்தான் பாதித் தகராறு ஆரம்பிக்கிறது.

பவுன்சர் என்று கட்டுமஸ்தாக ஆள் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஊரில் நாலு பேருக்கு உறவாகிற, நாற்பது தாண்டிய ஆள் ஒருவர் வாசலில் இருந்தால் போதும்.

பாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு கேட்டால் கிடையாது, யார் கேட்டாலும் கிடையாது. ஒரு பாட்டுக்கு ஒரு டேபிள் எழுந்து ஆடினால் இன்னொரு டேபிள் எழுந்து நிற்கும். பட்டியலைக் கல்லாவில் வையுங்கள், வாடிக்கையாளர் போனை ஸ்பீக்கரில் இணைக்கவே விடாதீர்கள்.

கடைமடை

@வாசப்படி பவுன்சர் பற்றிச் சொன்னதோடு முழுசா ஒத்துப்போக மாட்டேன். திருவிழா வாரத்தில் வெளியூர்க் கூட்டம் வரும்போது உறவுக்காரர் பேச்சு எடுபடாது. பயிற்சி பெற்ற ரெண்டு பேர் வேண்டும். கை வைக்கக் கூடாது, வழி மறித்து நிற்பது மட்டும்தான் வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கீற்றுக்கொட்டகை

தீயைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நம்ம பக்கம் பார் என்றால் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் அடுப்பு. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனது சமையல் தீ கீற்றுக்குத் தாவியதில்தான். அதே டெல்டாவில் இன்னமும் கீற்றுக்குக் கீழே எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. "குளிர்ச்சியா இருக்கும்" என்பார்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டு, மின்விசிறி கூட வையுங்கள்.

வணிக சிலிண்டர் 19 கிலோ. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டர் வெளியே, தரை மட்டத்துக்கு மேல், கீழ்ப்பக்கம் காற்று போகிற கம்பி வலையோடு இருக்கணும். மேலே ஜன்னல் வைத்துவிட்டு கேஸ் போய்விடும் என்று நினைப்பது வீண். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குப் போகும். சமையலறைக்கு வெட் கெமிக்கல் வகைத் தீயணைப்பான், மின் பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு, ஹாலுக்கு ஏபிசி பவுடர். மூன்றும் வேறு வேறு. சுவரில் மாட்டிய அணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது பெருக்குகிறவர் வேலை இல்லை, மேலாளர் வேலை.

ஆள் எண்ணிக்கை: தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உணவுக்கூடத்துக்கு ஆளுக்கு 1.8 சதுர மீட்டர் கணக்கு. 600 சதுர அடி ஹால் என்றால் 30 பேர். கவுண்டர் போக இன்னும் குறையும். அதே ஹாலில் அறுபது நாற்காலி போட்டிருப்போம், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இதெல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத் தப்பென்றே யாரும் நினைப்பதில்லை. நேரம் முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பத்துப் பேரைக் குடிக்க வைப்பது. உள்ளே புகை வந்தால் போதையில் இருக்கிற ஆள் குனிந்து வெளியே வர மாட்டார், கழிவறைக்குள் ஓடுவார். 2017 டிசம்பர் 29-இல் மும்பை கமலா மில்ஸ் மாடி பப் தீயில் 14 பேர் இறந்தார்கள், பலர் கழிவறையில் மூச்சு முட்டி. மோட்டார் ஷட்டராக இருந்தால் கரண்ட் போனதும் நடுவிலேயே நின்றுவிடும். உள்ளே ஒரு வாடிக்கையாளர் இருக்கும்வரை ஷட்டர் முழுசாக மேலே. பின் கதவு வெளிப்பக்கம் திறக்கணும், அதன் முன்னால் காலிப் பாட்டில் பெட்டி அடுக்கக் கூடாது. அடுக்க இடம் இல்லை என்றால் பெட்டியை அடிக்கடி அனுப்புங்கள்.

வெண்ணாறு

ஆற்றங்கரை, வாய்க்கால் ஓர பார்களுக்கு மட்டும். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. மூன்று நாலு நாளில் கல்லணை, அப்புறம் நம்ம வாய்க்கால். மே மாதம் வரை மணலாகக் கிடந்த இடத்தில் ஒரே வாரத்தில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும். பாருக்கு வருகிறவர் மனசில் இன்னமும் மே மாதப் படம்தான் இருக்கும். ஒதுங்குவதற்கோ, "ஒரு முழுக்கு போட்டா தெளிஞ்சுரும்" என்றோ இறங்குவார். தெளியாது. குளிர்ந்த தண்ணீர் ஆல்கஹாலைக் கரைக்காது, கை காலை மட்டும் தளர்த்தும்.

செய்ய வேண்டியது: பார் சுவரிலிருந்து கரை வரை நாலடி உயரக் கம்பி வேலி, இடையில் கதவே வேண்டாம். கழிவறை உள்ளேயே, விளக்கோடு, முகம் சுளிக்காத சுத்தத்தோடு. கழிவறை நாறினால் ஆள் கரைக்குத்தான் போவார், இதுதான் காரணம். வண்டி நிறுத்தம் வாய்க்கால் பக்கம் இருந்தால் இடம் மாற்றுங்கள். இருபது மீட்டர் நைலான் கயிறு, காற்றடித்த லாரி ட்யூப் ஒன்று கண்ணில் படுகிற இடத்தில் தொங்கட்டும். ஆடிப்பெருக்கு அன்று மாலை கரையில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

காரைக்காற்று

எங்கள் காரைக்கால் பக்கம் கதை வேறு. புதுச்சேரியில் வயது வரம்பு 18, தமிழ்நாட்டில் 21. சனிக்கிழமை சாயங்காலம் வருகிற கூட்டத்தில் பாதி நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் வண்டி எண்கள். ராத்திரி அதே வண்டிகள் வாஞ்சூர் பக்கமோ நண்டலாறு பக்கமோ திரும்பணும். பதினெட்டு முடிந்தால் சட்டம் இடிக்காது, ஆனால் மூன்று பையன்கள் ஒரே பைக்கில் வந்தால் சாவியைக் கல்லாவில் வாங்கி வைத்துக்கொண்டுதான் டேபிள் கொடுக்கணும். சாவிக்கு எண் போட்ட டோக்கன். குடிக்காதவர் வந்தால் சாவி, இல்லையென்றால் ஆட்டோ. நாலு ஆட்டோக்காரர்களிடம் ஊருக்கு ஊர் நிலையான கட்டணம் பேசி எழுதி ஒட்டிவிட்டால் பேரம் இல்லாமல் ஏறுவார்கள். வண்டியை விட்டுப்போக பூட்டிய இடம், காலை பத்து மணி வரை இலவசம். இந்த இலவசம்தான் வேலை செய்கிறது. "பார்க்கிங் நூறு ரூபாய்" என்றால் அந்த நூறுக்காக வண்டியை எடுப்பார்கள்.

பாட்டிலை எல்லை தாண்டி எடுத்துப்போனால் சோதனைச் சாவடியில் வழக்கு. பார்சல் கேட்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நைட் டூட்டி நர்ஸ்

பார்காரர் இல்லை, ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

"தூங்கட்டும், எழுந்திருப்பார்" என்று ஓரமாகப் படுக்க வைக்காதீர்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் கீழே, உடம்பு ஜில்லென்று, உதடு நீலம். இதில் ஒன்று இருந்தாலும் 108. அதுவரை இடது பக்கமாகச் சாய்த்து, மேல் முழங்காலை மடித்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி எதுவும் போதையை இறக்காது. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

ஒரு லார்ஜ்தான் போட்டார், ஆனால் வியர்த்துக் கொட்டி உளறுகிறார் என்றால் சர்க்கரை நோயாளியா என்று கேளுங்கள். மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை இறங்கும், பார்க்க போதை மாதிரியே இருக்கும். விழுங்க முடிந்தால் நாலு ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

வெளியிலிருந்து கொண்டுவந்த சரக்கை உள்ளே விடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். மணத்திலும் சுவையிலும் பிரித்தறிய முடியாது. பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சு வாங்கல் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும், அப்போது ஆள் உங்கள் பாரில் இருக்க மாட்டார். மறுநாள் யாராவது "கண்ணு சரியாத் தெரியல" என்று போன் செய்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தனியாக வந்து, எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரிப் பேசி, பழைய கடனையெல்லாம் அடைத்துவிட்டுப் போகிறவரையும் கவனியுங்கள். சரக்கை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, வீட்டுக்குப் போன் போடுங்கள், ஆள் வரும்வரை தனியாக விடாதீர்கள். உதவி எண்கள் 104, 14416 இரண்டும் இலவசம்.

ஷட்டர் சாவி

மூடுகிற முறை. லைசென்சில் உள்ள நேரத்துக்கு 45 நிமிடம் முன்பு கடைசி ஆர்டர், அதிலும் ஆளுக்கு ஒன்றுதான். "லாஸ்ட் ஆர்டர்" என்று சத்தமாக அறிவித்தால் இரண்டிரண்டாக வாங்கி ஐந்து நிமிடத்தில் இறக்குவார்கள். டேபிள் டேபிளாகப் போய் மெதுவாகச் சொல்லுங்கள். அரை மணி முன்பு பாட்டு ஒலி பாதி, கால் மணி முன்பு பாட்டு நிறுத்தம், விளக்கு முழு வெளிச்சம். ஒரே நேரத்தில் எல்லாரையும் வெளியே தள்ளாதீர்கள். முறைத்துக்கொண்ட இரண்டு கூட்டம் இருந்தால் ஒன்றை அனுப்பி, வண்டி சத்தம் மறைந்த பிறகு மற்றதை அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் விற்பனை இல்லாத நாட்களைக் காலண்டரில் சிவப்பு வட்டமிட்டு வையுங்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே 1, ஆகஸ்ட் 15, மீலாது நபி, காந்தி ஜெயந்தி. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவுக்கு முந்தைய 48 மணி நேரம். முந்தின நாள் கூட்டம் இரட்டிப்பாகும், சப்ளையர் லீவு அன்றைக்குக் கொடுக்காதீர்கள்.

சிசிடிவி ரெக்கார்டரை இன்வெர்ட்டரில் போடுங்கள். கரண்ட் போன இருபது நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும். கடைசியாக, மூடின பிறகு டார்ச்சோடு ஒரு சுற்று: கழிவறை, பின்சந்து, வண்டி நிறுத்தம், கரை. ஒரு செருப்பு ஒற்றையாகக் கிடந்தால்கூட ஆளைத் தேடிவிட்டுத்தான் பூட்டணும்.