இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? இறையியல் ஒன்று, நாவல் ஒன்று

புத்தகப்பை (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாசிப்புக் குழுவில் இரண்டு புத்தகங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன: அகஸ்டினின் 'கன்ஃபெஷன்ஸ்', தஸ்தயெவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்'. இரண்டிலுமே வண்டி நின்றுவிட்டது.

'கன்ஃபெஷன்ஸ்' மொத்தம் 13 புத்தகங்கள் (நூலின் உட்பிரிவுகளுக்கு அந்தப் பெயர்). ஒன்பதாவதில் தாய் மோனிக்கா இறந்ததும் கதை முடிந்துவிட்டதே, மீதி எதற்கு என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். போதாததற்கு, அடிக்குறிப்பில் உள்ள சங்கீத எண்ணை வைத்துத் தேடினால் பைபிளில் வேறொரு சங்கீதம் வருகிறது. ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பதால் பக்க எண் சொல்லியும் பயனில்லை.

கரமாசவில் ஐந்தாம் புத்தகத்தின் 'விசாரணை அதிகாரி' அத்தியாயத்தை மட்டும் வாசித்தால் போதும் என்று ஒரு கட்சி. அது சரியா?

அப்படியே, நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பதையும் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் போடாமல், எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.

---

ஓரக்குறிப்பு

முதலில் சங்கீத எண். அகஸ்டின் வைத்திருந்த லத்தீன் வேதாகமம் செப்துவஜிந்தின், அதாவது பழைய ஏற்பாட்டின் பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பின், எண்வரிசையைப் பின்பற்றியது. அதில் நம்முடைய 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே சங்கீதம். ஆகவே நம் 11 முதல் 113 வரை அங்கே ஒன்று குறைவாக இருக்கும். 114, 115 இரண்டும் சேர்ந்து அங்கே 113. நம் 116 அங்கே 114, 115 என்று இரண்டாகப் பிரியும். 117 முதல் 146 வரை மறுபடியும் ஒன்று குறைவு. 147ஐ அங்கே 146, 147 என்று பிரித்திருப்பார்கள். 148 முதல் வித்தியாசம் இல்லை. புத்தகத்தின் முதல் வரியிலேயே சோதித்துப் பார்க்கலாம். அடிக்குறிப்பில் 144:3, 146:5 என்று இருந்தால் பழைய எண். நம் பைபிளில் அவை 145:3, 147:5. வசன எண்ணும் சில இடங்களில் தள்ளிப்போகும், ஏனென்றால் சங்கீதத்தின் தலைப்பையும் வசனமாக எண்ணியிருப்பார்கள். அந்தக் கணக்கில் நம் 51:1 அங்கே 50:3.

பக்க எண்ணை விட்டுவிடுங்கள். 10.33.49 என்பதுபோல் மூன்று எண் வரும்: புத்தகம், அதிகாரம், பத்தி. அதிகாரம், பத்தி இரண்டும் தனித்தனிக் கணக்குகள். அடுத்த அதிகாரம் தொடங்கினாலும் பத்தி எண் ஒன்றுக்குத் திரும்பாது. சில பதிப்புகளில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எந்த எண்ணைச் சொல்வது என்று குழுவில் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மலிவுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் 13 புத்தகங்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கடைசி நான்கை வெட்டியே போட்டுவிடுகிறார்கள்.

இனி பத்தாம் புத்தகம். ஒன்பது வரை அவர் பழைய ஆளைப் பற்றிப் பேசினார். பத்தில்தான் 'இன்று, ஆயராக இருக்கும் நான் எப்படி இருக்கிறேன்' என்று கேட்கிறார். முதல் பாதி நினைவாற்றல் பற்றியது, கொஞ்சம் இழுக்கும். அலுத்துப்போனவர்கள் 10.30க்குத் (பத்தாம் புத்தகம், 30ஆம் அதிகாரம்) தாவட்டும். அங்கிருந்து 1 யோவான் 2:16தான் சட்டகம்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. இந்த வரிசையில் தன்னையே சோதித்துப் பார்க்கிறார். ஆலயத்தில் பாட்டின் பொருளைவிட ராகம் மனதை இழுத்தால் அது பாவமா என்று 10.33இல் தடுமாறுகிறார், பாட்டே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். 10.35இல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதையும் சிலந்தி வலையில் பூச்சி சிக்குவதையும் வேடிக்கை பார்த்துக் கவனம் சிதறுவதைச் சொல்கிறார். கையில் செல்போன் உள்ள எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

11இல் காலம் பற்றிய பகுதியை 14ஆம் அதிகாரத்திலிருந்து 28 வரை ஒரே அமர்வில் வாசியுங்கள். பிரித்து வாசித்தால் வாதத்தின் இழை அறுந்துவிடும். 12, 13க்கு ஆதியாகமம் 1ஐத் திறந்து வைத்துக்கொண்டால்தான் அவர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்பது தெரியும்.

---

மேசைவிளக்கு

கரமாசவ் பற்றி. அந்த ஒரு அத்தியாயம் மட்டும் போதாது. போதாது என்பதைவிட, தவறாகப் புரியும் என்றே சொல்வேன். ஐந்தாம் புத்தகம் 3, 4, 5 மூன்று அத்தியாயங்களும் ஒரே உரையாடல். நான்காவதில் குழந்தைகள் படும் வேதனையைச் சொல்லி, சகோதரர்களில் ஒருவனான இவான் கேட்கும் கேள்வியின் மேல்தான் ஐந்தாவது நிற்கிறது. அதற்கான பதில் ஆறாம் புத்தகம், துறவி சோசிமாவின் வாழ்க்கையும் போதனைகளும். தஸ்தயெவ்ஸ்கி திட்டமிட்டதே அப்படித்தான். வாதத்துக்கு வாதம் வைக்காமல் ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பதிலாக வைக்கிறார். அதனாலேயே அவசரமாக வாசிப்பவர்களுக்கு அது பதில் மாதிரியே தெரிவதில்லை. ஏழாம் புத்தகம் நான்காம் அத்தியாயம், கானாவூர் கல்யாணம், வரைக்கும் போனால்தான் அந்தச் சுற்று முடியும். அதற்கு முன் யோவான் 2:1-11ஐ வாசித்துவிடுங்கள். நூலின் முகப்பு வசனம் யோவான் 12:24. அதைப் புத்தகக்குறியில் எழுதி வைக்கலாம்.

அதே புத்தகக்குறியில் பெயர்களையும் எழுதுங்கள். திமித்ரி என்பவனேதான் மீத்யா, அலெக்ஸேய்தான் அல்யோஷா, அக்ரஃபேனாதான் குருஷென்கா. பியோதரவிச் என்பது 'பியோதரின் மகன்'. மூன்று சகோதரர்களுக்கும் பொது, அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. பலர் 100 பக்கத்துக்குள் புத்தகத்தை மூடிவைப்பது தத்துவத்தால் அல்ல, இந்தப் பெயர்களால்தான்.

இன்னொன்று, 3,000 ரூபிள். யாருடைய பணம், யார் கையில் கொடுத்தது, எவ்வளவு செலவானது என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். 12ஆம் புத்தகத்தின் நீதிமன்ற விசாரணை முழுக்க அந்தக் கணக்கைச் சுற்றியே ஓடும். முதலில் தவறவிட்டால் வழக்கறிஞர் பேச்சுகள் வெறும் நீளமாகத்தான் தெரியும்.

என் கையில் இப்போது இருப்பது சுசாக்கு எண்டோவின் 'சைலன்ஸ்' (1966). 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்ட காலம். முதல் நான்கு அத்தியாயங்கள் ரொட்ரிகஸ் பாதிரியார் எழுதும் கடிதங்கள், ஐந்திலிருந்து வெளியிலிருந்து ஒரு குரல் சொல்கிறது. குரல் மாறும் அந்த இடத்தைக் கவனியுங்கள். அதுவரை அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை நம்பிய நாம், இனி அவரை வெளியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறோம். கடைசியில் ஓர் அதிகாரியின் நாட்குறிப்பு, அலுவலகக் கோப்பு மாதிரி வறட்சியாக இருக்கும். பின்னிணைப்புதானே என்று விடுபவர்களே அதிகம். உச்சக் காட்சிக்குப் பிறகு அந்தப் பாதிரியார் என்ன ஆனார் என்பது, வெளிப்படையாகச் சொல்லப்படாமல், அங்கேதான் கிடக்கிறது.

---

பழம்பதிப்பு

'சைலன்ஸ்' வாசிக்கும்போது கூடவே இன்னொரு பாடுகளின் புத்தகத்தைப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று நசுக்கிவிடும். நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய, வார்த்தை மாம்சமானதைப் பற்றிய சிறுநூலைச் சேர்க்கலாம். 57 சிறு பிரிவுகள்தான். நாளைக்கு ஐந்து என்றால் 12 நாளில் முடியும். 1 முதல் 32 வரை மையம்: படைப்பு, வீழ்ச்சி, சிலுவை, உயிர்த்தெழுதல். 33 முதல் 40 யூதர்களோடு வாதம், 41இலிருந்து கிரேக்கர்களோடு. களைத்தால் அந்த இரண்டையும் வேகமாகக் கடக்கலாம், ஆனால் 54இல் நின்றேயாக வேண்டும். நாம் தெய்வமாகும்படி அவர் மனிதரானார் என்ற வாக்கியம் அங்கே வரும். சீர்திருத்த சபைகளில் வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் திடுக்கிடுவார்கள். நாம் இன்னொரு கடவுளாகிறோம் என்பதல்ல பொருள். 2 பேதுரு 1:4இல் வரும் 'திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்' என்பதைப் பக்கத்தில் வைத்தால் விளங்கும்.

இந்நூலின் 1944 ஆங்கில மொழிபெயர்ப்புக்கு சி. எஸ். லூயிஸ் எழுதிய முன்னுரையில் ஒரு யோசனை உண்டு. புதிய புத்தகம் ஒன்றை முடித்ததும், இடையில் ஒரு பழைய புத்தகம் வாசிக்காமல் அடுத்த புதியதைத் தொடாதே. அது முடியாவிட்டால் மூன்று புதியதுக்கு ஒரு பழையதாவது. குழுவுக்கு நல்ல விதி.

கால்வினின் 'இன்ஸ்டிட்யூட்ஸ்' யாராவது தொடங்குவதாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். 1559 பதிப்பு நான்கு புத்தகங்கள், 80 அதிகாரங்கள். மூன்றாம் புத்தகத்தின் 6-10 (கிறிஸ்தவ வாழ்க்கை), பிறகு 20 (ஜெபம்). அதற்குப் பிறகு முன்னே போங்கள்.

---

ஓரக்குறிப்பு

கால்வின் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் புத்தகத்தின் 1-5 அதிகாரங்கள் சிறியவை, நன்றாகவே ஓடும். தேவனை அறிவதும் தன்னை அறிவதும் பின்னிக்கிடக்கின்றன என்று அங்கே சொல்வதுதான் மூன்றாம் புத்தகத்துக்கு அடித்தளம். அதை விட்டுவிட்டு 3.7க்குப் போனால் அவர் சொல்லும் தன்னை வெறுத்தல் வெறும் ஒழுக்கப் பாடமாகத் தேய்ந்துவிடும்.

---

வளனார்தாசன்

தமிழில் ஒன்றும் வரவில்லையே? கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) நாவல் வாசிப்பவர்களுக்கும் பொருந்தும். பனியனின் 'மோட்சப் பிரயாணம்' முதல் பாகத்தை (1678) முதலில் முடித்துவிட்டு இதை எடுங்கள். கதை தெரிந்திருந்தால் செய்யுள் பயமுறுத்தாது. பனியனில் இல்லாத ஒன்று இதில் உண்டு. நூலின் 'குமார பருவம்' என்ற பகுதியில் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடியிருக்கிறார். கம்பனில் ஊறிய கை என்பது அங்கே தெரியும். இடையிடையே வரும் 'இரட்சணிய தேவார'ப் பதிகங்களைக் கண்ணால் மட்டும் வாசிக்காமல் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' என்றால் 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். வரிசையாகத் தொடங்கினால் நாட்டுப் படலம், நகரப் படலத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். காப்பிய மரபுப்படி அவை வருணனை. முதல் முறை அவற்றை விட்டு, வளன் சனித்த படலத்திலிருந்து போகலாம். வளன் என்றால் யோசேப்பு, கருணையன் என்றால் யோவான் ஸ்நானகன்; இது தெரியாமல் கருணையன் தாயை இழந்து புலம்பும் பாடல்களை வாசித்தால் யார் அழுகிறார்கள் என்றே புரியாது. நற்செய்திகளில் இல்லாத சம்பவங்கள் நிறைய வரும், அதை எதிர்பார்த்தே உள்ளே போங்கள். பதம் பிரித்து உரையோடு வந்த பதிப்பாக இருக்கட்டும். சந்தி பிரிக்காத பதிப்பில் ஒரு நாளைக்குப் பத்துப் பாடல் தாண்டுவதே பெரிய காரியம்.

---

புத்தகப்பை

மிக்க நன்றி. சங்கீத எண் விவகாரம் தீர்ந்தது. கரமாசவில் ஆறாம் புத்தகத்தையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லிவிட்டேன். முழு நாவலுக்கு நேரமில்லாத இரண்டு மூன்று பேருக்கு, தினம் கொஞ்சமாக வாசிக்கிற மாதிரி சின்னதாக ஏதாவது உண்டா?

---

மேசைவிளக்கு

லூயிஸின் 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்'. 31 கடிதங்கள், நாளைக்கு ஒன்று. மூத்த பிசாசு இளைய பிசாசுக்கு எழுதுவதால் எல்லாமே தலைகீழ். 'எதிரி' என்று வருகிற இடமெல்லாம் தேவன். பிசாசு பொய்யன் என்பதை மறக்க வேண்டாம் என்று முன்னுரையிலேயே எச்சரிக்கிறார், அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரே நாளில் ஐந்தாறு கடிதம் ஓட்டினால் அந்தக் கிண்டல் குரல் காதில் ஒட்டிக்கொண்டு கூர்மை போய்விடும். வாசித்ததும் ஒரே ஒரு வரியில் 'இதைத் திருப்பிப் போட்டால் என்ன' என்று எழுதிக்கொண்டு, அதை மட்டும் குழுவுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.